புல் முடிந்து வைத்த வழி

கல்கிசைக் கடற்கரையிலிருந்து காலி வீதிக்கு ஏறிவரும் ஒழுங்கையின் முனையிலே சிறியதொரு தேநீர்க் கடை உண்டு. மாலையில் கடற்காற்று வாங்கி மீளும்போது அங்கே ஒரு கோப்பை தேநீர் அருந்துவது எனது நெடுநாளைய வழக்கம். சென்ற ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், முதுகிலே பெரும் பொதி சுமந்த மேலைநாட்டு இளைஞர் இருவர் அக்கடைக்கு வந்தனர். மேசைமீது ஒரு வரைபடத்தை விரித்தனர். மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து சென்ற ஒரு கோட்டினை விரலால் தொட்டுக் காட்டி, அதனை நடந்து முடிக்கப் போவதாக என்னிடம் மகிழ்ச்சியோடு கூறினர்.

கடையில் கோப்பை கழுவும் சிறுவனும் எட்டிப் பார்த்தான். அவன் புண்டலுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பிழைப்புத் தேடிக் கொழும்புக்கு வந்தவன். வரைபடத்திலிருந்த ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தவன் திகைத்து நின்றான்.

"ஐயா, இது எங்க தோட்டத்துப் பாதைங்க. எங்க அப்பாயி கொழுந்து எடுக்க இதுலதான் ஏறிப் போவாங்க. இதை நடக்கவா இவங்க சீமையிலிருந்து வர்றாங்க?"

அவன் கேட்டதில் ஏளனம் இல்லை, வியப்பே இருந்தது. அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அதன்பின் அப்பாதையில் ஒரு பகுதியை நானும் நடந்து பார்த்தேன். பின்னர் மலைநாட்டைப் புயல் வந்து குலைத்தது. இவ்விரண்டுக்கும் பிறகு எனக்குத் தோன்றியவற்றை ஆசிரிய அன்பர்கள் முன்னும் மாணவர் முன்னும் வைப்பது கடமை எனக் கருதியே இதனை எழுதுகிறேன்.

அவ்விளைஞர் காட்டிய வழிக்குப் 'பெக்கோ டிரெயில்' என்பது பெயர். கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையிலே தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, புண்டலுஓயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என மலைமேல் மலையாக ஏறி, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் சென்று, ஹப்புத்தளை, எல்ல முதலிய ஊவாப் பகுதிகளைச் சுற்றி, இறுதியில் நுவரெலியாவை அடைவது அது. முழு நீளம் 300 கிலோ மீட்டருக்கு மேல். அதனை 22 பிரிவுகளாக வகுத்துள்ளனர். இலங்கையில் நெடுநாள் வாழ்ந்த மிகேல் குனாட் என்னும் ஸ்பானியரின் எண்ணத்தில் உருவாகி, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் அளித்த பொருளுதவியால் நிறைவேறியது இத்திட்டம். இதற்கெனப் புதிதாகப் பாதை வெட்டியது மிகக் குறைவு. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தோட்டங்களில் இருந்த வண்டிப் பாதைகளையும், கொழுந்து சுமந்த ஒற்றையடித் தடங்களையும் ஒன்றோடொன்று தொடுத்து ஒரே வழியாக்கினர். சிதறிக் கிடந்த முத்துக்களை நூலிற் கோத்தாற் போன்ற நற்செயல் அது. ஆயின் அம்முத்துக்களை விளைத்தவர் யாவர் என்பதே நம் முன் உள்ள வினா.

பெயரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 'பெக்கோ' என்பது தேயிலைத் தரங்களுள் ஒன்றைக் குறிக்கும் சொல். சீன மொழி வழக்கொன்றிலே வெண்மயிர் என்னும் பொருள்பட வழங்கிய சொல்லே இங்ஙனம் திரிந்தது. செடியின் நுனியில் மொட்டவிழுமுன் பூனைமயிர் போல மென்மையாகப் படிந்திருக்கும் வெண்மையை அது சுட்டும். அந்த மென்மையை முதலில் அறிவன கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல்கள். அவள் அதனைக் 'கொழுந்து' என்று சொல்கிறாள். நம் புலவர் மொழியிலும் அது பழஞ்சொல். அவ்வழியைக் 'கொழுந்துப் பாதை' என நாம் தமிழிற் கூறினால் பிழையாகாது. இக்கட்டுரையில் அங்ஙனமே கூறுவேன்.

மலைவழி நடப்பதை ஒரு கலையாகக் கொள்ளுதல் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்கும் புதுமை எனச் சிலர் எண்ணுகின்றனர். தமிழ் படித்தார் அங்ஙனம் எண்ண இயலாது. பாதைக்கு ஆறு, நெறி, அதர், சுரம், தடம் என்று பல பெயர் வைத்த மொழி நம்முடையது. வழிகாட்டுதலையே இலக்கிய வகையாக்கி அதற்கு ஆற்றுப்படை எனப் பெயரிட்டதும் நம்முடைய மொழியே. பத்துப்பாட்டிற் பாதி ஆற்றுப்படைகள். அவற்றுள் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடியது. 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியின் இயல்பை எடுத்துக் கூறுவதாக அமைந்தது அப்பாட்டு.

அப்பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம் மூன்று செய்திகள் என் உள்ளத்தைத் தொடுவதுண்டு. வழிகாட்டுவோன் தானே அவ்வழி நடந்து வந்தவன் என்பது முதலாவது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்புறையும் குழி எங்கே, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கத்திருந்து வரும், பாசி படர்ந்து வழுக்கும் பாறை எது என்பனவற்றை அவன் சொல்லும்போது, அது தன் காலாற் கற்ற கல்வியாக இருக்கிறது. இரண்டாவது, வழியிடையே வாழும் மக்களை அவன் மறவாமை. குறவரும் கானவரும் ஆயரும் உழவரும் தத்தம் இல்லத்திலே என்ன உணவு தருவர், எங்ஙனம் உறவினர்போல் வரவேற்பர் என்பதை விரித்துரைத்த பின்னரே அவன் மன்னனது அரண்மனை வாயிலுக்கு நம்மை அழைத்துச் செல்கிறான். மூன்றாவது, பாதை பிரியுமிடத்தில் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என அவன் கூறும் அறிவுரை. பின்னால் வரும் புதியோர் வழி தவறாதிருக்க அது அடையாளமாகும். முன்னே நடந்தவன் பின்னே வருவோனுக்குச் செய்யும் கடமை எல்லாம் அந்தப் புல்முடிச்சில் அடங்கியிருக்கின்றது.

இந்த மூன்றனையும் அளவுகோலாகக் கொண்டு கொழுந்துப் பாதையை அளந்து பார்ப்போம்.

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நான் மலையேறினேன். ஐம்பதைக் கடந்த கால்கள். முழு வழியையும் நடக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. என்னிடம் தமிழ் கற்று, இப்பொழுது புண்டலுஓயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயிருக்கும் பழைய மாணவர் துணைவர, லூல்கந்துரையில் ஒரு நாளும் புண்டலுஓயாவுக்கு அப்பால் ஒரு நாளும் நடந்தேன். காலைப் பனி மலைச்சரிவிலே வெண்பட்டுப் போல் கிடந்து, வெயிலேறப் படிப்படியாக நீங்கியது. கீழே பள்ளத்தாக்கில் லயங்களின் தகரக் கூரைகள் ஒளிவிட்டன. இவ்வழகைக் காணப் பிறநாட்டார் வருவது தகும் என்றே என் உள்ளம் கூறிற்று.

லூல்கந்துர வரலாற்றிற் புகழ்பெற்ற இடம். ஸ்கொத்லாந்திலே பிறந்து தமது பதினேழாம் வயதில் 1852இல் இங்கு வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டது இங்கேதான். அவர் வாழ்ந்த குடிலின் புகைபோக்கியும், அவர் அமர்ந்திருந்த கல்லிருக்கையும் இன்றும் காட்டப்படுகின்றன. 1892இல் அவர் இறந்தபோது தொழிலாளர் அவரது உடலைத் தோளிலே சுமந்து கண்டி வரை மாறி மாறி நடந்தனர் என்பர். கண்டி மஹியாவை இடுகாட்டில் அவரது கல்லறையை யாரும் காணலாம். உழைத்து உயர்ந்த ஒருவரின் நினைவைப் போற்றுதல் நன்றே. ஆயின் அவரைச் சுமந்த தோள்களுக்கு உரியவர் எங்கே புதைக்கப்பட்டனர்? செடிகளுக்கடியிலே என்று என் மாணவர் கையை விரித்துக் காட்டினார். அப்பக்கத்து மலை முழுவதும் தேயிலைச் செடியாகவே இருந்தது.

அடுத்தது தவலந்தென்ன. 'தவலம' என்பது சிங்களத்திலே பொதிமாட்டுக் கூட்டத்தைக் குறிக்கும். 'தென்ன' என்பது மேட்டுச் சமநிலம். பொதிமாடுகள் இளைப்பாறிய இடம் என்பது பெயரின் பொருளாகலாம். தமிழிலே 'தாவளம்' என்றால் தங்குமிடம். இவ்விரு சொற்களின் ஒப்புமை நோக்கத் தக்கது. மலைவழியிலே இரு மொழியாரும் ஒருவர் அடிமேல் ஒருவர் அடிவைத்து நடந்துள்ளனர் என்பதற்கு இவ்வூர்ப் பெயரே சான்றாக நிற்கிறது போலும்!

புண்டலுஓயாப் பக்கத்தில் 'டன்சினேன்' என்றொரு பெருந்தோட்டம் உண்டு. ஆங்கில நாடகம் கற்றார் இப்பெயரைக் கேட்டவுடன் மக்பெத் மன்னனை நினைவர். ஒரு காடு நடந்து டன்சினேன் மலைக்கு வரும்வரை உன்னை வெல்வார் இல்லை எனக் குறிக்காரிகள் கூற, பகைவர் மரக்கிளைகளை ஏந்தி வரக் காடே நடந்து வருவதுபோல் தோன்றிய கதை யாவரும் அறிந்தது. தம் நாட்டு மலைகளின் நினைவால் ஸ்கொத்லாந்துத் துரைமார் இங்குள்ள தோட்டங்களுக்குக் கிளென்லயன், பால்மோரல், ஸ்ட்ராத்ஸ்பே என்றெல்லாம் பெயரிட்டனர். 'கிளென்' என்பது அவர் மொழியிலே மலையிடைப் பள்ளத்தாக்கு. டன்சினேனில் நடந்தபோது எனக்கோர் எண்ணம் எழுந்தது. நாடகத்திலே காடு நடந்து மலைக்கு வந்தது. இங்கே மனிதர் நடந்து மலைக்கு வந்தனர், காடு மறைந்துபோயிற்று.

அம்மனிதர் நடந்த வழி எது? 1820களிலே கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, தென்னிந்தியத் தமிழர் பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வறண்ட காட்டினூடாகத் தெற்கு நோக்கி மாத்தளைக்கும், அப்பால் மலைகளுக்கும் கால்நடையாகச் சென்றனர். குடிநீர் அரிது, நோய் மிகுதி, காட்டு விலங்கின் அச்சம் வேறு. வழியிலே விழுந்தோர் பலர். அந்நெடு வழிக்கு ஆற்றுப்படை பாடியவர் இலர். கங்காணியின் சொல்லே வழிநூல். முன்னே விழுந்தவரின் எலும்பே புல்முடிச்சு.

கோப்பியை 1869இல் தோன்றிய இலைநோய் அழித்தது. தேயிலை வந்தது. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் புகைவண்டி சென்றது. மலைக்கு வரும் நடைத் துன்பம் நீங்கிற்று. ஆனால் மலையை விட்டுப் போகும் நடை எளிதாயிற்றோ? ஒரு தோட்டத்தை நீங்கி மற்றொன்றுக்குச் செல்ல விரும்பியவன் 'துண்டு' எனப்படும் கடன்தீர் சீட்டைக் கையிற் கொண்டிருத்தல் வேண்டும். அம்முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, கடன் அவன் காலிற் கட்டிய கயிறாக இருந்தது. வெளியார் தோட்டத்திற்குள் நடப்பதும் அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையர், புடவை வணிகர் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது இன்றும் மலையகத்தார் வாய்மொழியில் வழங்கும் செய்தி. ஒரு தலைமுறை வேடமிட்டு நுழைந்த பாதையில் இன்று உலகமெல்லாம் வரைபடம் ஏந்தி நடக்கின்றது. காலத்தின் இம்மாற்றம் மகிழ்வுக்குரியதே. மாறாது நிற்பது யாது என்பதையும் நாம் காணல் வேண்டும்.

புண்டலுஓயாவை நினைக்குமிடத்து மற்றொரு பெயரையும் மறத்தல் ஆகாது. மலையக இலக்கியத்தின் மூத்தவராகிய சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்தது அங்குள்ள மடக்கும்புரத் தோட்டத்தில். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற அவர், தம் மக்களின் துயரை ஆங்கிலத்தில் பாடினார். அவர்கள் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். டெய்லரின் கல்லிருக்கைக்கு வழி கேட்டுச் செல்லும் நடைப்பயணி, இப்பெயரையும் அறிந்து செல்வானாயின் அவன் நடை நிறைவுபெறும். அதை அவனுக்குச் சொல்ல வேண்டியவர் தமிழ் கற்பிக்கும் நாமே அல்லவா?

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலே தொடங்கி, ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையிலே நிறைந்தது அது. ஏறத்தாழ 250 கிலோ மீட்டர். முன்னோர் நடந்த திசையிலே பேரர் நடந்தனர். மூவினத்தாரும் அதிற் கலந்துகொண்டனர். வழியோர மக்கள் தண்ணீரும் உணவும் தந்தனர். கொழுந்துப் பாதையும் அந்நடை சென்ற பாதையும் ஒன்றையொன்று தொடர்வன. மாத்தளையில் முடிந்த பழைய நடையின் மறுபாதியே மலைமேல் ஏறும் இப்புதிய வழி. இதனை இணைத்துப் படிப்பவரே இந்நாட்டின் வரலாற்றை முழுதும் படித்தவராவர்.

இனி ஸ்கொத்லாந்தையே ஒப்புக்கு எடுத்துக்கொள்வோம்; துரைமார் வந்த நாடன்றோ? அங்கே 'மேற்கு மலைநாட்டு வழி' என்னும் நெடும் பாதை 1980இல் திறக்கப்பட்டது. கிளாஸ்கோ நகரின் அயலில் தொடங்கி, லொமண்ட் ஏரிக்கரை வழியாகச் சென்று, ரனோக் என்னும் பரந்த சதுப்புவெளியையும் கிளென்கோப் பள்ளத்தாக்கையும் கடந்து, ஃபோர்ட் வில்லியம் நகரில் முடியும். நீளம் 154 கிலோ மீட்டர். பழைய படைவழிகளும் மந்தை ஓட்டிச் சென்ற தடங்களுமே அங்கும் பாதையாயின. அப்பள்ளத்தாக்குகளின் அமைதியை நடப்போர் புகழ்கின்றனர். அவ்வமைதியிற் பெரும்பகுதி இயற்கை தந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒரு நூறாண்டு காலம், நிலக்கிழார் தம் குடிகளை நீக்கிவிட்டு ஆடு வளர்த்தனர். குடிபெயர்ந்தோர் கடலோரத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போயினர். ஆளற்ற அழகு என்று நாம் காண்பது, ஆளை அகற்றியதால் வந்த வெறுமை.

ஆயினும் அந்நாட்டார் அவ்வளவில் நின்றுவிடவில்லை. 2003இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. பொறுப்போடு நடப்போர் எவருக்கும் நிலத்தின்மேல் நடந்து செல்லும் உரிமையை அது வழங்கிற்று. அதே சட்டம், அந்நிலத்தில் வாழும் சமூகத்தாருக்குத் தம் நிலத்தைத் தாமே வாங்கிக்கொள்ளும் வாய்ப்பையும் வழங்கிற்று. வந்து நடப்பவனுக்கு வழியுரிமை. இருந்து வாழ்பவனுக்கு நிலவுரிமை. இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. யான் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

நம் நாட்டில் நிலைமை யாது? 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் குடியுரிமை அற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பொருளைப் பங்கிடுவது போல் மக்களைப் பங்கிட்டனர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைக்க வழிசெய்த சட்டம் 2003இல் வந்தது. ஸ்கொத்லாந்தார் நடக்கும் உரிமையோடு நிலம் பெறும் வழியையும் கண்ட அதே ஆண்டில், நம் மலைநாட்டார் நாட்டில் இருக்கும் உரிமையை மட்டும் பெற்றனர். நிலம் பின்னுக்கே நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு கம்பனிகளுக்கு மாறிற்று. நிலம் அரசினுடையது; நிருவாகம் கம்பனியினுடையது; லயத்து அறையில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தவனுக்கு உரியது எதுவும் இல்லை. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்ற பேச்சும் வந்தது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் வீட்டுரிமைப் பத்திரம் வழங்கும் விழாவும் நடந்தது. நல்ல தொடக்கங்களை நாம் குறைத்துக் கூறல் வேண்டா. எனினும் வரிசையிலே நிற்பவர் மிகப் பலர்.

அவ்விழாவுக்கு அடுத்த மாதமே திட்வா புயல் வந்தது. நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களின் மலைகள் இடிந்து சரிந்தன. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2014இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்களை மண்மூடிய கொடுமையை நாம் மறந்திருந்தால், இப்புயல் அதனை நினைவூட்டிற்று. மண்சரியும் சரிவுகளில் லயங்கள் நிற்பதற்குக் காரணம் அங்கு வாழ்வோரது விருப்பமன்று. நல்ல நிலத்தில் தேயிலை நின்றது. மிஞ்சிய சரிவில் மனிதர் நின்றனர்.

திசெம்பர் நடுவில் என் மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. அதிலிருந்து சில வரிகளை அவர் இசைவோடு இங்கே தருகிறேன்.

"ஐயா, நாம் சேர்ந்து நடந்த பாதையில் மூன்று இடங்களில் மண் சரிந்து கிடக்கிறது. தாங்கள் இளைப்பாறிய கல்வெர்ட்டைக் காணவில்லை. பாடசாலையில் இப்போது பதினொரு குடும்பங்கள் தங்கியுள்ளன. கரும்பலகையிலே அ, ஆ எழுதிய இடத்தில் துணி உலர்கிறது. பாதையைச் செப்பனிட்டு விடுவார்கள், வெளிநாட்டார் மீண்டும் வருவார்கள். அதனால் இங்குள்ள பையன்கள் சிலருக்கு வேலையும் கிடைக்கும். அது எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இடிந்த லயத்தை எந்த நிலத்தில் கட்டுவது என்று கேட்க நாங்கள் எந்த வாசலுக்கு நடந்து போவது, ஐயா? காணியுறுதி உள்ளவன் கச்சேரிக்குப் போகலாம். நாங்கள் தோட்டத்துக்குப் போனால் கச்சேரிக்குப் போ என்கிறார்கள். கச்சேரிக்குப் போனால் தோட்டத்தைக் கேள் என்கிறார்கள். கொழுந்துப் பாதை 22 பிரிவு என்றீர்கள். எங்கள் பாதைக்குப் பிரிவே இல்லை; அது இந்த இரண்டு வாசலுக்கும் இடையில் போய்ப் போய் வருவது."

இக்கடிதத்தைப் படித்தபின் நான் நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை.

சிலர் உடனே, 'பார்த்தீர்களா, வெளிநாட்டான் நடக்கப் பாதை; நம்மவன் கிடக்க இடமில்லை' என்று அப்பாதையையே பழிப்பர். அது நேர்மையன்று. பாதை எவருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. மாறாக, கண்மறைவாயிருந்த லயங்களை உலகத்தின் கண்முன் கொண்டுவந்தது. தோட்டத்து இளைஞன் கொழும்பில் கோப்பை கழுவாமல் தன் ஊரிலேயே வழிகாட்டியாகவும், ஓர் அறையை விருந்தினர்க்குத் தந்து வாழ்பவனாகவும் ஆக அது வாய்ப்பளிக்கலாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக விதிக்கப்பட்டதற்கே எத்துணைப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர், இவ்வருவாயை இகழமாட்டார். ஆயின் ஒன்றைக் கவனிக்க. விருந்தினர்க்கு அறை கொடுக்க ஒருவனுக்குச் சொந்த அறை வேண்டும். அதனைத் திருத்திக் கட்ட வங்கிக் கடன் வேண்டும்; கடன்பெறப் பிணை வேண்டும்; பிணையாகக் காணியுறுதி வேண்டும். உறுதி இல்லாதவன் தன் முற்றத்து வழியாகச் செல்லும் செல்வத்தைக் கைகட்டிப் பார்த்து நிற்பான். பயணிக்குப் பொதி சுமக்கலாம். உறையுள் கொடுக்க இயலாது. பாட்டன் சுமந்தான், பேரனும் சுமந்தான் என்றால் இருநூறு ஆண்டும் ஓரடியும் நகராதவையாகி விடும்.

மலைபடுகடாத்தில் குறவன் வீட்டு வாயிலில் கூத்தர் நின்றபோது அவன் விருந்திட்டான். விருந்திட அவனுக்கு ஒரு வாயில் இருந்தது. தினை விளைந்த புனம் இருந்தது. விருந்தோம்பலை நாம் ஒரு குணமாக மட்டும் கற்பிக்கிறோம். அக்குணத்துக்குக் கீழே சிறிது நிலமும் வேண்டும் என்பதை இம்முறை மலைநாடு எனக்குக் கற்பித்தது.

எனவே செய்யத்தக்கன இரண்டு. முதலாவது அரசினர்க்கும் கம்பனியார்க்கும் உரியது. புயலால் இடம்பெயர்ந்தோருக்கு மறுவாழ்வு திட்டமிடும் இவ்வேளையில், தோட்டக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான நிலமும் அதற்குரிய முழு உறுதியும் வழங்கப்படல் வேண்டும். கூரை மட்டும் கொடுத்து நிலத்தை நிறுத்திக்கொண்டால், அது பழைய லயத்துக்குப் புதிய வண்ணம் பூசியதேயாகும். பாதையைச் செப்பனிட ஒதுக்கும் பணம் எங்கே செல்கிறதோ, அங்கே அவ்வூராரின் காணிக் கோப்பும் உடன் செல்லட்டும். நடப்போர் வழியும் வாழ்வோர் நிலமும் ஒரே ஏட்டில் எழுதப்படட்டும்.

இரண்டாவது நமக்குரியது, இதற்கு எவருடைய கையெழுத்தும் வேண்டா. மலையகத்திலுள்ள ஆசிரியரும் மாணவரும் தத்தம் தோட்டத்து ஒவ்வொரு மலைக்கும், ஓடைக்கும், சந்திக்கும், லயத்துக்கும் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரைத் தொகுத்தல் வேண்டும். துரை வைத்த பெயர் பதிவேட்டில் இருக்கின்றது; தொழிலாளி வைத்த பெயர் அவன் வாயில் மட்டும் இருக்கின்றது. ஹப்புத்தளைப் பக்கத்தில் 'தங்கமலை' என்னும் தமிழ்ப்பெயர் ஒரு காப்புக்காட்டின் பெயராக நின்று நிலைத்திருப்பதைக் காண்க. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை உண்டு. அக்கதையைச் சொல்லும் மூதாட்டிகள் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர். இருபத்திரண்டு பிரிவுக்கும் இருபத்திரண்டு பாடசாலைகள் முன்வந்தால், ஓர் ஆண்டில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வழிநூல் உருவாகும். நடந்தவர் தாமே பாடும் ஆற்றுப்படை அதுவாகும். கொழும்பிலுள்ள இலக்கியச் சங்கத்தார் விழாவெடுக்கும் செலவில் ஒரு பகுதியை அதற்கு ஈந்தால் பெரும்புண்ணியம்.

சென்ற வாரம் மீண்டும் அத்தேநீர்க் கடைக்குச் சென்றேன். புயலில் வீடிழந்து அயலார் வீட்டிலிருந்த அப்பாயியைப் பார்த்துவிட்டு அச்சிறுவன் திரும்பியிருந்தான். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வினவினேன்.

"நல்லா இருக்காங்க ஐயா. பாதை சரிஞ்ச இடத்துல, தெரியாம யாரும் போய் விழுந்துடக் கூடாதுன்னு, இவங்களே மானாப்புல்லை முறுக்கிக் குறுக்கால கட்டி வச்சிருக்காங்க."

எழுத்தறியாத அம்மூதாட்டி மலைபடுகடாம் படித்தவர் அல்லர். வீடிழந்த நிலையிலும் பின்னால் வருவோர்க்காகப் புல்லை முடிந்து வைத்துள்ளார். அம்முடிச்சை அவிழ்த்துப் படிக்கத் தெரிந்த நாம், அவர் காலூன்றி நிற்க ஒரு துண்டு நிலம் கேட்டு எழுதாதிருப்போமாயின், கற்றதனால் ஆய பயன் யாது?